விண்கலத்துக்கு முழக்கோல்

போகாத ஊருக்கு வழி கேட்பவனைப் பார்த்து உலகம் சிரிக்கும். இல்லாத கப்பலுக்கு நீளம் கேட்பவனைப் பார்த்தாலோ, சிரிப்பதோடு நில்லாமல் பரிதாபமும் படும். திரைப்படத்திலே பறக்கின்ற விண்கலம் உண்மையில் எத்தனை மீட்டர் நீளம் இருக்கும் என்று தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம் என நாம் சொன்னபோது, அலுவலக நண்பர் ஒருவர், "பகலெல்லாம் போடுகிற கணக்கு உமக்குப் போதவில்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமே. ஆயினும் இந்தக் கணக்கிலே ஒரு சுவையும், அச்சுவைக்கு மேலே ஒரு பயனும் இருப்பதை இரண்டு ஆண்டுகளாக நம் இல்லத்தில் கண்டு வருகிறோம். அதனைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திரையில் காணும் கலம் ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவுகள் உண்டு. ஸ்டூடியோவில் செய்த பொம்மையின் அளவு ஒன்று. புத்தகங்களில் அச்சிட்டுச் சொல்லும் அளவு மற்றொன்று. காட்சியில் அக்கலத்தோடு சேர்ந்து வரும் மனிதனையும் கதவையும் சன்னலையும் கொண்டு நாமே கணித்து அறியும் அளவு மூன்றாவது. இம்மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல வேளைகளில் ஒத்துப்போவதும் இல்லை. அங்கேதான் சுவை பிறக்கிறது.

1977-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சிறு கலம் ஒன்று உயிருக்கு அஞ்சி ஓடுகிறது. அதன் பின்னே, நம் தலைக்கு மேலிருந்து புறப்பட்டது போல், முக்கோண வடிவான பெருங்கலம் ஒன்று திரையை அடைத்துக்கொண்டு வருகிறது; வந்துகொண்டே இருக்கிறது; இதற்கு முடிவே இல்லையோ என்று எண்ணும் வரை வருகிறது. அதன் பெயர் 'ஸ்டார் டிஸ்ட்ராயர்'. நீளம் 1,600 மீட்டர் என்று புத்தகங்கள் சொல்கின்றன. துரத்தப்படும் சிறு கலமோ சுமார் 126 மீட்டர்தான். ஆனால் ஸ்டூடியோவில் இருந்த பொம்மைகளின் அளவு இதற்குத் தலைகீழானது. பெருங்கலத்தின் பொம்மை சுமார் 3 அடி; சிறு கலத்தின் பொம்மை சுமார் 6 அடி! பூனையைச் சாண் அளவிலும் எலியை முழ அளவிலும் செய்து வைத்து, பூனை எலியைத் துரத்துவதாக உலகத்தையே நம்ப வைத்துவிட்டார்கள்.

இது எப்படி இயன்றது? கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பொருளை உற்றுப் பார்க்கும்போது அதன் ஒரு பகுதி தெளிவாகவும் மறுபகுதி மங்கலாகவும் தெரிவது இயற்கை. தொலைவிலுள்ள மலையைப் பார்க்கும்போதோ அடியும் முடியும் ஒருங்கே தெளிவாகத் தெரியும். படம் பிடித்தவர்கள் இந்த உண்மையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். காமிராவைப் பொம்மையின் அருகிலே கொண்டுசென்று, அதன் கண்ணை மிகச் சிறிதாகத் திறந்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒளி விழும் நேரத்தை நீட்டினார்கள். முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாகப் பதிந்தன. போதாக்குறைக்கு, கடைகளில் விற்கும் பீரங்கி வண்டி, விமானப் பொம்மைகளின் சிறு சிறு உறுப்புகளைப் பிரித்தெடுத்துக் கலத்தின் மேலெல்லாம் ஒட்டினார்கள். நுணுக்கமான உறுப்புகள் ஆயிரம் இருந்தால் அப்பொருள் பெரியதாகத்தான் இருக்கும் என்று நம் மனம் தானே முடிவு கட்டிவிடுகிறது. ஆகவே திரையில் காணும் பருமன் பொம்மையில் இல்லை. நம் மனம் போடுகின்ற கணக்கிலே இருக்கிறது. மனம் மறைவாகப் போடும் அந்தக் கணக்கைத் தாளிலே வெளிப்படையாகப் போட்டுப் பார்ப்பதுதான் நம் பொழுதுபோக்கு.

இனி, இது நம் இல்லத்துக்கு வந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். நம் மூத்த பையனுக்கு வயது 12. இவ்வூரிலேயே பிறந்தவன். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறான். மூன்றில் எது மெலியும் என்பதை இந்த இதழைப் படிக்கும் பெற்றோருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 'சாப்பிடு', 'தூங்கு', 'கதவைச் சாத்து' என்ற அளவுக்கு எங்கள் வீட்டுத் தமிழ் சுருங்கி வந்தது. ஞாயிறுதோறும் சங்கத்துத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம், போனான், வந்தான். எழுத்துகளை அறிவான், ஆனால் தானாக ஒரு வரி எழுத மாட்டான். கணக்கிலும் அவனுக்கு விகிதம் என்றாலே காய்ச்சல் வரும். நாமோ பள்ளியிறுதி வரை தமிழிலே படித்தவர்கள். 'நான்கு எட்டுக்கு முப்பத்திரண்டு' என்று சொன்னால்தான் நமக்குக் கணக்கு ஓடும். அவன் ஆங்கிலத்தில் கேட்பான். நாம் தமிழில் விளக்குவோம். இருவரும் சலித்துப்போய் எழுந்துவிடுவோம். ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஆறு ஒன்று அகன்றுகொண்டே போவது போன்ற கலக்கம் நமக்கு இருந்தது.

மேலே சொன்ன படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், அவன் திடீரென்று, "அப்பா, இந்தக் கப்பல் நம்ம பிளாட்பாரத்தைவிட நீளமா?" என்று கேட்டான். ரயில்வேக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைக்கு நீளம் என்றால் பிளாட்பாரந்தானே! உலகத்திலேயே நீளமான பிளாட்பாரம் கர்நாடகத்து ஹூப்ளியில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் நீளம் 1,507 மீட்டர் என்று சொன்னோம். "அப்படியென்றால் கப்பல் 93 மீட்டர் அதிகம்" என்றான். அடுத்த கேள்வி அதைவிட நல்ல கேள்வி: "1,600 என்று யார் அளந்தார்கள்?"

அன்று தொடங்கியது எங்கள் வேலை. வேண்டிய கருவிகள் நான்கே: ஓடும் படத்தை நிறுத்தி வைக்க ஒரு பெட்டி, பள்ளிக்கூட அளவுகோல், பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம். முறையும் எளிதே. அளவு தெரிந்த பொருள் ஒன்றைக் காட்சியிலே தேட வேண்டும். மனிதன் நின்றால் அவன் ஐந்தரை அல்லது ஆறு அடி. அவன் நுழையும் வாசல் ஏழு அடி. அம்மனிதன் திரையில் 1 சென்டிமீட்டரும் கலம் 20 சென்டிமீட்டரும் இருக்குமானால் கலம் அவனைப்போல் 20 மடங்கு. ஆனால் ஒரு எச்சரிக்கை: இரண்டும் காமிராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும். இணையாகச் செல்லும் தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தோன்றுகின்றன. தொலைவிலுள்ள சிக்னல் கம்பம் தீக்குச்சி போலத் தெரிகிறது. அருகில் நிற்பவனைக் கொண்டு தொலைவில் நிற்பதை அளந்தால் கணக்குக் கெட்டுப்போகும். ஆகவே ஒரு வழியில் கண்ட விடையை இன்னொரு வழியிலும் கண்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் நோட்டில் ஏற்றுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டோம்.

அடுத்து நாங்கள் எடுத்துக்கொண்டது 1966-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் 'என்டர்பிரைஸ்' கலம். அதை வடிவமைத்தவர் மாட் ஜெஃப்ரீஸ் என்பவர். கலத்தின் நீளம் 947 அடி. அதாவது சுமார் 289 மீட்டர். நம் எல்.எச்.பி. பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர் ஆதலால், 12 பெட்டிகள் கோத்த வண்டிக்குச் சமம். படப்பிடிப்புக்காகச் செய்த பெரிய பொம்மை 11 அடி 3 அங்குலம். இன்று அது வாஷிங்டன் நகரத்து விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 947 அடியை 11 அடி 3 அங்குலத்தால் வகுத்தால் 84 வருகிறது. அப்படியானால் பொம்மையின் ஒரு அங்குலம் கலத்தின் ஏழு அடிக்குச் சமம். அந்தப் பொம்மைக்குள் மனிதனை நிறுத்தினால் அவன் உயரம் முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல்! விகிதம் என்றால் அஞ்சிய பையன், "அப்போ ஒரு மாடி எவ்வளவு உயரம்? எத்தனை மாடி இருக்கும்?" என்று தானே கேட்டுத் தானே வகுத்தான்.

அதே தொடரில் 'கலிலியோ' என்ற சிறு கலம் ஒன்று வருகிறது. அதன் நீளம் 24 அடி என்று கதையில் சொல்லப்படுகிறது. நடிகர்கள் ஏறி இறங்குவதற்காக உண்மையாகவே கட்டிய வெளிக்கூடு சுமார் 22 அடி. உள்ளே நடப்பதாகக் காட்டும் அறையோ வேறொரு அரங்கம். அங்கே நடிகர்கள் தலை நிமிர்ந்து உலவுகிறார்கள். வெளிக்கூட்டின் உயரத்தைப் பார்த்தால் குனிந்துதான் நிற்க முடியும். வாடகை வீடு தேடி அலைந்த அன்பர்களுக்கு இதற்கு நேர்மாறான அனுபவம் உண்டு: வெளியே பார்த்தால் பெரிது, உள்ளே போனால் சிறிது! இந்தக் கலிலியோவின் வெளிக்கூட்டைப் புதுப்பித்து 2013 முதல் ஹூஸ்டன் நகரத்து விண்வெளி மையத்தில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

வாயால் சொல்லும் எண்களையும் சோதித்தோம். 1986-ஆம் ஆண்டு வெளிவந்த நான்காவது 'ஸ்டார் டிரெக்' படத்தில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இரண்டை விண்கலத்தில் ஏற்றிச் செல்கிறார்கள். அவற்றுக்காக அமைக்கும் தொட்டியைப் பற்றிப் பேசும்போது, சுவர் 60 அடிக்கு 10 அடி என்றும், தண்ணீர் 18,000 கன அடி என்றும் சொல்கிறார்கள். 60-ஐப் பத்தால் பெருக்கினால் 600. 18,000-ஐ 600-ஆல் வகுத்தால் 30. ஆகவே தொட்டியின் மற்றோர் அளவு 30 அடி. கணக்கு நேராக விழுந்ததைக் கண்டு எங்களுக்கு வியப்பு. அந்தத் தண்ணீர் மட்டும் 500 டன்னுக்கு மேல். சரக்கு வேகன் ஒன்று சுமார் 60 டன் ஏற்றும் என்று கொண்டால் ஒன்பது வேகன்கள் வேண்டும். வளர்ந்த திமிங்கிலம் 40 முதல் 50 அடி நீளம் இருக்கும். 60 அடித் தொட்டியிலே இரண்டும் படுக்கலாமே ஒழியத் திரும்ப முடியாது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இல்லத்தரசி, "முன்பதிவு இல்லாத பெட்டிதான்" என்றார்.

எல்லாக் கணக்கும் இப்படி நேராக வருவதில்லை. 1996-ஆம் ஆண்டு வெளிவந்த 'இண்டிபெண்டன்ஸ் டே' படத்தில் பகைவரின் தாய்க்கலம் 550 கிலோமீட்டர் விட்டம் உடையது என்றும், அதன் எடை நிலவின் எடையில் நான்கில் ஒரு பங்கு என்றும் சொல்கிறார்கள். நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். கலத்தைப்போல் ஆறேகால் மடங்குக்குச் சற்று மேல். பருமன் காண அதை மூன்று முறை பெருக்க வேண்டும். சுமார் 250 மடங்கு வருகிறது. அக்கலம் முழு உருண்டை என்றே வைத்துக்கொண்டாலும், நிலவின் பருமனில் 250-இல் ஒரு பங்கு உள்ள பொருள், எடையில் மட்டும் நான்கில் ஒரு பங்கு என்றால் அது நிலவைப்போல் 60 மடங்குக்கு மேல் அடர்த்தி உடையதாக வேண்டும். நிலவு தண்ணீரைப்போல் 3.3 மடங்கு அடர்த்தி உடையது, தங்கம் 19.3 மடங்கு. கலமோ 200 மடங்குக்கு மேல்! கட்டித் தங்கத்தால் செய்து உள்ளே வெற்றிடமே விடாமல் நிரப்பினாலும் அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. படம் பார்க்கும்போது எவரும் இதைக் கேட்பதில்லை. தாளில் போட்ட பிறகுதான் சிரிப்பு வருகிறது.

இவை எல்லாவற்றிலும் சிறந்தது 'எக்ஸிகியூட்டர்' என்னும் கலத்தின் வழக்கு. 1980-ஆம் ஆண்டு வெளிவந்த 'எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக்' படத்தில் அது வருகிறது. முன்பு நம்மை மலைக்க வைத்த ஸ்டார் டிஸ்ட்ராயர்கள் அதன் நிழலிலே குஞ்சுகள் போலக் காட்சியளிக்கின்றன. இக்கலத்தின் நீளம் ஐந்து மைல், அதாவது 8 கிலோமீட்டர் என்று அந்நாளைய புத்தகங்கள் அச்சிட்டன. 8 கிலோமீட்டர் என்றால் ஸ்டார் டிஸ்ட்ராயரைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் திரையிலே பார்த்த ரசிகர்கள் பலருக்கு இது பொருந்தவில்லை. எக்ஸிகியூட்டரின் முதுகிலே உள்ள கட்டளைக் கோபுரம் ஸ்டார் டிஸ்ட்ராயரின் கோபுரத்தை அப்படியே ஒத்தது. ஒரே கோபுரத்தை இரண்டு கலங்களுக்கும் பொதுக் கோலாக வைத்து அளந்தார்கள். ஐந்து மடங்கு வரவில்லை. பதினொரு மடங்கு வந்தது. கர்ட்டிஸ் சாக்ஸ்டன் என்ற வானியற்பியல் அறிஞர் இவ்வகை அளவுகளை விரிவாகத் தொகுத்து எழுதினார். பின்னர் 2002-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' புத்தகம் ஒன்றை எழுதும் பொறுப்பு அவருக்கே வந்தது. ஐந்து மைல் என்ற எண் மெல்ல மெல்ல மறைந்தது. இன்றைக்கு அச்சாகும் புத்தகங்கள் 19 கிலோமீட்டர் என்று சொல்கின்றன. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் செல்லும் பாதையிலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு!

இந்த வழக்கு நம் மனத்தைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. நாம் வேலை பார்ப்பது ரயில்வேப் பண்டகசாலையில். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு இருப்புகள் உண்டு: லெட்ஜரில் எழுதிய இருப்பு ஒன்று; தரையிலே எண்ணிப் பார்த்த இருப்பு மற்றொன்று. சரிபார்க்க வருபவர் லெட்ஜரைப் பார்த்துத் தரையைத் திருத்தமாட்டார்; தரையைப் பார்த்துத்தான் லெட்ஜரைத் திருத்துவார். லெட்ஜரில் நூறு போல்ட்டு என்று எழுதியிருப்பதனாலே பெட்டியில் இருக்கும் எண்பது நூறாகிவிடுவதில்லை. கற்பனைக் கப்பல்களின் உலகத்திலும் இதே நீதி செல்லுபடியாகும் என்பதை எக்ஸிகியூட்டர் காட்டிற்று. படமே அங்கே தரை. அச்சிட்ட எண் எத்தனை ஆண்டு அச்சில் இருந்தாலும், கண்ணால் கண்டதற்கு முன்னே அது வணங்க வேண்டியதாயிற்று.

நம் பையனிடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய படப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் எக்ஸிகியூட்டருக்கு ஐந்து மைல் என்றே போட்டிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவனே உட்கார்ந்து அளந்தான். நாம் கோலைத் தொடவில்லை. அவன் கண்டது பதினொரு மடங்கு. நோட்டை நம் முன்னே வைத்துவிட்டு, "அப்பா, புத்தகத்தில் தப்பாக இருக்கிறது. அடித்துவிடட்டுமா?" என்று கேட்டான். குரலிலே துணிவும் அச்சமும் கலந்திருந்தன. அச்சிட்டதைத் தப்பென்று சொல்லலாமா என்ற தயக்கம் பெரியவர்களுக்கே எளிதில் நீங்குவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி நீங்கும்?

"அடிக்காதே. எழுதியதை மறைக்கக் கூடாது. பக்கத்தில் உன் கணக்கை எழுது. எதைக் கொண்டு அளந்தாய், எப்போது அளந்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போடு. பிறகு வருகிறவன் இரண்டையும் பார்த்து முடிவு செய்யட்டும்" என்றோம். லெட்ஜருக்கு உள்ள முறையும் அதுவே.

அவன் பேனாவை எடுத்துக்கொண்டு போனான். சிறிது நேரம் கழித்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினான். அந்த ஆங்கிலப் புத்தகத்தின் ஓரத்திலே, கோணல் மாணலான எழுத்துகளில், 'கோபுரம் வைத்து அளந்தேன். 11 மடங்கு. 17,600 மீட்டர்' என்று தமிழில் எழுதி, கீழே தேதியும் தன் பெயரும் இட்டிருந்தான். 'மடங்கு' என்ற சொல்லில் டகரத்தின் மேல் புள்ளி ஒன்று கூடுதலாக இருந்தது. நாம் அதைச் சுட்டிக்காட்டவில்லை. தமிழில் எழுது என்று எவரும் சொல்லவில்லை. பரிசும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அளந்தது தமிழில், பெருக்கியது தமிழில். ஆகவே எழுதும்போது கை தானாகத் தமிழுக்குப் போயிருக்கிறது. அவ்வளவே. அதற்கு மேல் எதுவும் நடந்துவிடவில்லை. இன்றும் தெருவில் இந்திதான் பேசுகிறான். ஆனால் விட்டம், பருமன், விகிதம், மடங்கு என்ற சொற்கள் அவனுடையவை ஆகிவிட்டன. நமக்கும் அவனுக்கும் இடையே அகன்றதாக நாம் அஞ்சிய ஆற்றின் மேல் ஒரு பலகையாவது விழுந்திருக்கிறது.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழைத் தமிழ்ப் பாடமாக மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் மருந்து போல விழுங்குகிறார்கள். அவர்கள் எதை விரும்புகிறார்களோ அதன் வேலையைத் தமிழிலே செய்ய வையுங்கள். விண்கலந்தான் வேண்டும் என்பதில்லை; கிரிக்கெட் ஓட்டக் கணக்காக இருக்கலாம், மாவு பிசையும் அளவாக இருக்கலாம். பள்ளியிறுதிக்கு மேல் படியாத நமக்கே இக்கணக்குகள் எட்டின. உங்களுக்கு எட்டாமல் போகா.

இப்போது 'மில்லெனியம் ஃபால்கன்' என்ற கலத்தில் இறங்கியிருக்கிறோம். அதன் நீளம் சுமார் 35 மீட்டர். நம் பெட்டி ஒன்றரை. 1979-இல் வேல்ஸ் நாட்டுப் பெம்புரோக் துறைமுகத்தில் அதனை முழு அளவில் உண்மையாகவே கட்டினார்கள். ஆனால் ஓட்டுநர் அமரும் கூண்டு, வெளியே பார்க்கச் சிறிதாகவும் உள்ளே காட்டும்போது பெரிதாகவும் இருக்கிறது. நால்வர் அமரும் அந்த அறையை எப்படியாவது கூண்டுக்குள் அடக்கிவிட வேண்டும் என்று பையன் வரைந்து வரைந்து பார்க்கிறான். இன்னும் அடங்கவில்லை. வருகிற ஞாயிறும் முயல்வோம்.